எச்சரிக்கையை அடக்குவது துப்புரவு ஆகாது

பழைய சி மொழிச் செய்நிரலைத் துப்புரவாக்க உட்காருகிறவர்களிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. சார்புகள் திருப்பித் தரும் பெறுமானத்தை யாரும் வாங்காமல் விட்ட இடங்களைத் தொகுப்பி சுட்டிக்காட்டினால், அந்த அழைப்பின் முன்னால் அடைப்புக்குறிக்குள் ‘வொய்ட்’ என்று போட்டு தொகுப்பியின் வாயை அடைத்துவிட வேண்டுமாம். துப்புரவு என்றால் மாறிகளின் பெயரை ஒழுங்காக்குவதும், நீண்ட சார்புகளை உடைப்பதும், பயனற்ற வரிகளை நீக்குவதும்தானாம். பிழைச் சோதனை வேறு வேலை, அதைப் பிறகு பார்க்கலாமாம். இந்தக் கருத்து தவறு. அதைப் பின்பற்றினால், செய்நிரல் துப்புரவு செய்யாமல் விட்டிருந்தால் இருந்திருக்கும் நிலையைவிட மோசமான நிலைக்குப் போகும் என்பது என் வாதம்.

தொழிலில் இல்லாதவர்களுக்குச் சிறு விளக்கம். சி மொழியில் ஒரு சார்பு தன் வேலை பிழைத்துவிட்டதைச் சொல்வதற்குத் திருப்பும் பெறுமானமே பெரும்பாலும் ஒரே வழி. கோப்பைத் திறக்கச் சொன்னீர்கள், திறக்க முடியவில்லை. நினைவகம் கேட்டீர்கள், கிடைக்கவில்லை. ஆயிரம் எழுத்தை எழுதச் சொன்னீர்கள், அறுநூறுதான் எழுத முடிந்தது. இந்தச் செய்திகள் ஓர் எண்ணாகவோ வெற்றுச் சுட்டியாகவோ அழைத்தவர் கைக்கு வரும். வாங்கிப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் அவர் பாடு; மொழி கட்டாயப்படுத்தாது. பார்க்காமல் விட்டால் செய்நிரல் நிற்காது, சத்தம் போடாது, எல்லாம் நன்றாக நடந்ததுபோல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்து கணினித் துறைக்குப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தப் பகுதியில் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. அந்தத் தடையைத் தாண்டி எட்டியாந்தோட்டையிலிருந்தும் தெரணியகலையிலிருந்தும் இறக்குவானையிலிருந்தும் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்துக்கோ, கொழும்பில் ஒரு கணினி வகுப்புக்கோ போகிற பிள்ளைக்கு முதல் வேலையாகக் கிடைப்பது பல வேளைகளில் பிறர் எழுதிய செய்நிரலைத் திருத்துவதுதான். அங்கே அவர்கள் காதில் விழும் முதற்பாடமே ‘எச்சரிக்கையை நிறுத்து’ என்பதாக இருந்தால் அதை எதிர்த்துப் பேச ஆள் வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தைச் சுருக்கி இளைக்க வைத்துவிட்டு வெல்வதில் பெருமை இல்லை. அதன் வலுவான வடிவம் இது. ஒன்று: திருப்பப்படும் பெறுமானங்கள் எல்லாம் பிழைச் செய்திகள் அல்ல, ஓர் எழுத்துச்சரத்தைப் பிரதிசெய்யும் சார்பு, நாம் கொடுத்த முகவரியையே திருப்பித் தருகிறது, அதை விட்டால் குடி முழுகாது. இரண்டு: துப்புரவு செய்நிரலின் நடத்தையை மாற்றக் கூடாது, சோதனை சேர்ப்பது நடத்தையை மாற்றுவதே. மூன்று: கோப்பை மூடும்போதோ வளத்தை விடுவிக்கும்போதோ பிழை வந்தால் செய்ய எதுவும் மிச்சம் இல்லை. நான்கு: இந்தப் பிழைகள் நடைமுறையில் வருவதே இல்லை. ஐந்து: ஒவ்வொரு அழைப்பின் பின்னும் ஒரு ‘இஃப்’ போட்டால் செய்நிரலின் முதன்மைப் போக்கு மறைந்து வாசிக்க முடியாததாகிவிடும். ஆறு: சி பழைய மொழி, புதிய மொழிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன, பழையதில் நேரத்தை விரயமாக்குவானேன்?

முதலாவதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மற்றவை நிற்கமாட்டா. அவற்றுக்குப் போகுமுன் ‘வொய்ட்’டையே பார்ப்போம்.

1. ‘வொய்ட்’ போட்டால் சோதித்ததாகுமா? ஆகாது. இந்தப் பழக்கத்தின் பிறப்பைப் பாருங்கள். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜோன்சன் ‘லின்ட்’ என்ற கருவியை எழுதினார். ஒரு சார்பின் பெறுமானம் எப்போதுமே புறக்கணிக்கப்படுகிறதா, சில இடங்களில் மட்டும் புறக்கணிக்கப்படுகிறதா என்று அது பிரித்துச் சொன்னது. அந்த முறைப்பாடுகளை நிறுத்துவதற்காகவே செய்நிரல் எழுதுவோர் திரையில் எழுதும் ‘பிரின்ட்எஃப்’ சார்பின் முன்னால் ‘வொய்ட்’ போடத் தொடங்கினார்கள். வேண்டுமென்றே விடுகிறேன் என்று கையொப்பம் இடும் இடமாக இருந்திருக்க வேண்டியது, கருவியைச் சமாளிக்கும் தந்திரமாகச் சுருங்கியது.

தொகுப்பி செய்தவர்கள் இதைக் கவனித்தார்கள். 2004இல் வந்த ஜிசிசி தொகுப்பியின் 3.4 பதிப்பில், ஒரு சார்பின் பெறுமானத்தைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்று அடையாளமிடும் வசதி வந்தது. அப்படி அடையாளமிட்ட சார்புக்கு முன்னால் ‘வொய்ட்’ போட்டாலும் ஜிசிசி எச்சரிக்கையை நிறுத்துவதில்லை. பெறுமானத்தை வெற்று ‘இஃப்’ ஒன்றுக்குள் தள்ளி அதையும் ஏய்ப்பவர்கள் உண்டு. அவர்களை எந்தத் தொகுப்பியும் திருத்தாது. கிளாங் தொகுப்பியும், 2024இல் வெளியான சி23 நியமத்தின் ‘நோடிஸ்கார்ட்’ அடையாளமும் ‘வொய்ட்’டை ஏற்கின்றன. ஆனால் கார், மருத்துவக் கருவி போன்றவற்றுக்கு எழுதுவோர் பின்பற்றும் மிஸ்ரா சி 2012 விதித்தொகுப்பு இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. அதன் 17.7ஆம் விதி பெறுமானத்தைப் பயன்படுத்து என்கிறது. ‘வொய்ட்’ போட்டால் அந்த விதி திருப்தியடையும். 4.7ஆம் வழிகாட்டல், பிழைத் தகவல் திருப்பப்பட்டால் அதைச் சோதித்தே ஆக வேண்டும் என்கிறது. ‘வொய்ட்’ போட்டு அதைத் திருப்திப்படுத்த முடியாது. நம்மவர்கள் முதல் விதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டார்கள்.

கொழுந்துக் கூடையைத் தராசில் தொங்கவிட்டு, முள்ளைப் பார்க்காமலே செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டில் முழுநாள் வேலைக்கான ‘முழுப்பேர்’ போட்டுவிடும் கணக்கப்பிள்ளையை எந்தத் தோட்டமும் வைத்துக்கொள்ளாது. துப்புரவின் பெயரில் ‘வொய்ட்’ தெளிப்பவர் செய்வது அதுதான். கேடு இதோடு முடிவதில்லை. துப்புரவுக்கு முன்னர் புறக்கணிக்கப்பட்ட இடம் எச்சரிக்கையோடு நின்றது. பின்னால் வருகிறவர் அதைக் கண்டுபிடித்திருக்க முடியும். துப்புரவுக்குப் பின்னர் ஆராய்ந்து விட்ட இடமும் ஆராயாமல் விட்ட இடமும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. தடயம் அழிந்துவிட்டது. இதனால்தான் துப்புரவு செய்யாமல் விடுவதே மேல் என்றேன்.

2. எந்த நடத்தையை மாற்றக் கூடாது என்கிறீர்கள்? வேலை சரியாக நடக்கும்போது உள்ள நடத்தையை என்றால் சரி. பிழையைச் சோதிப்பது அதைத் தொடுவதே இல்லை. வேலை பிழைக்கும்போது உள்ள நடத்தையை என்றால், அதை யார் எப்போது தீர்மானித்தார்கள்? பெறுமானத்தைப் பார்க்காத செய்நிரலில் பிழைவழி என்பது யாரும் வடிவமைக்காத ஒன்று. அந்தத் தற்செயலைக் காப்பாற்றுவதற்கு ‘நடத்தை மாறாமை’ என்ற மரியாதையான பெயரைச் சூட்டுகிறார்கள்.

கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவ மாகாணத்தில் இதற்கு என்ன பொருள் என்று பாருங்கள். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்திலும் மண் சரிந்து தொழிலாளர் லயத்தில் இருந்தவர்கள் புதைந்தார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழையளவை முக்கிய அளவுகோலாகக் கொள்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார். 150ஐத் தாண்டினால் வெளியேற்றம்.

இப்போது ஒரு மாணவர் தன் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தானியங்கி மழைமானி ஒன்றைச் செய்கிறார் என்று வையுங்கள். நான் எந்த நிறுவனத்தின் கருவியையும் குறை சொல்லவில்லை. செயற்றிட்டங்களில் வழமையாக எழுதப்படும் வடிவத்தைச் சொல்கிறேன். மானியிலிருந்து அளவை வாசிக்கும் சார்பு, வெற்றியானால் பூச்சியத்தையும் தோல்வியானால் மறை எண்ணையும் திருப்புகிறது. அளந்த மழையை நாம் கொடுத்த மாறியில் போடுகிறது. மாறிக்குத் தொடக்கப் பெறுமானம் பூச்சியம். இடி விழுந்து கம்பி அறுந்தால் சார்பு மறை எண்ணைத் திருப்பும், மாறியைத் தொடாது. அழைத்த வரி அதைப் பார்க்கவில்லை. மாறியில் இருந்த பூச்சியம் 24 மணித்தியாலக் கூட்டுத்தொகையில் சேர்கிறது, குறுஞ்செய்தியாகவும் போகிறது: மழை 0 மில்லிமீற்றர்.

மழை பெய்யவில்லை என்பதும் மழையை அளக்க முடியவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். மலையடிவாரத்து லயத்தில் படுத்திருப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் உயிர். முதலாவது செய்தி வந்தால் தூங்கலாம். இரண்டாவது வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போய் வாளியைப் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தாங்கிவந்த ஒரே பொருள் அந்த மறை எண். ‘நடத்தையை மாற்றாதே’ என்பவர் அந்த எண்ணைத் தொடர்ந்து குப்பையில் போடச் சொல்கிறார்.

3. மூடும்போது வரும் பிழைக்குச் செய்ய எதுவும் இல்லையாம். இது பரவலாக நம்பப்படும் வாதம், ஆபத்தானதும் இதுதான். சி நூலகத்தில் கோப்பில் எழுதினால் எழுத்துகள் உடனே வட்டுக்குப் போவதில்லை, இடைச் சேமிப்பில் நிற்கின்றன. வட்டு நிரம்பியிருந்தால் எழுதும் வரிகளெல்லாம் வெற்றி என்றே சொல்லக்கூடும். கோப்பை மூடும் ‘எஃப்குளோஸ்’ அழைப்பில்தான் உண்மை வெளிவரும். வலையமைப்பில் உள்ள கோப்பாக இருந்தால் அதற்குக் கீழே உள்ள ‘குளோஸ்’ அழைப்பிலும் வரலாம். எழுதும் கோப்பைப் பொறுத்தவரை மூடும் அழைப்பே தீர்ப்பு வரும் இடம்.

தோட்டத்துச் செக்ரோலை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுவை மின்னணுத் தராசுக்கும் கணினிக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. மாலையில் நிறுவை முடிந்து அன்றைய பேர்களைச் சேமிக்கும் செய்நிரல், மூடும் அழைப்பின் பதிலைப் பார்க்காமல் ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் காட்டினால் அது பொய் சொல்கிறது. 2024 செப்டம்பரில் பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பேர் காணாமற்போனால் ஒரு வீட்டில் ஒரு நாட்சம்பளம் காணாமற்போகும். மாத முடிவில் அந்தப் பெண் கேட்கும்போது கணினியில் இல்லை என்பார்கள். காகிதச் செக்ரோல் இருந்த காலத்தில் அழித்தெழுதிய இடமாவது தெரியும்; இங்கே பிழை நடந்ததற்கான ஒரே சாட்சியும் மூடும் வரியில் கைவிடப்பட்டிருக்கும். நிரூபிக்கும் பொறுப்பு கணினிக்காரரிடமிருந்து கொழுந்து பறித்தவர் தலைக்கு மாறுகிறது. செய்ய எதுவும் இல்லை என்பவர்களிடம் கேட்கிறேன்: ‘சேமிக்க முடியவில்லை’ என்று காட்டுவது செயலாகாதா? முந்தைய கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது?

இந்தப் பதில் பெரும்பாலும் ஒரே தடவைதான் கிடைக்கும் என்பதை 2018இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தள உலகம் கசப்போடு கற்றது. வட்டில் நிலைபெறச் செய்யும் ‘எஃப்சிங்க்’ அழைப்பு தோற்றால் மறுபடி அழைத்துப் பார்த்தால் போதும் என்று அது பல்லாண்டுகள் நம்பியிருந்தது. லினக்ஸ் இயக்கமுறைமையோ பிழையை ஒருமுறை சொல்லிவிட்டு, எழுதப்படாத அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிடும். இரண்டாவது அழைப்பு வெற்றி என்று திரும்பும். தரவு வட்டில் இருக்காது. 2019 தொடக்கத்தில் வந்த திருத்தத்திலிருந்து அந்த அழைப்பு தோற்றால் தரவுத்தளம் உடனே நின்று, தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது. பெறுமானத்தைப் பார்த்தவர்களுக்கே இந்தக் கதி. பார்க்காமலே விட்டவர்களின் தரவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

4. ‘நடைமுறையில் வராது’ என்பது யாருடைய நடைமுறை? நினைவகம் தீராது என்பவர் தன் மேசையில் உள்ள 16 கிகாபைட் கணினியை வைத்துப் பேசுகிறார். லினக்ஸ் இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கும் வழக்கமுடையது என்பது உண்மை. ஆனால் முகவரி எல்லை விதிக்கப்பட்டிருந்தாலோ, அளவுக்கு மீறிய தொகையைக் கேட்டாலோ அதுவும் கைவிரிக்கும். நமது மாணவர்கள் செயற்றிட்டத்துக்கு வாங்கும் பழைய ரக ஆர்டுயினோ ஊனோவின் நுண்கட்டுப்படுத்தியில் இருப்பது 2 கிலோபைட் நினைவகம். அங்கே நினைவகக் கோரிக்கை தோற்பது அன்றாட நிகழ்ச்சி.

வராது என்று நம்பப்பட்ட பிழையை வரவைக்க முடியும் என்பது இதைவிடப் பெரிய பதில். 2010இல் அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் நடந்ததைப் பாருங்கள். கணினியோடு தொலைபேசியை இணைக்கும் சேவை முழு அதிகாரத்தோடு தொடங்கி, பிறகு ‘செட்யுஐடி’ அழைப்பால் தன் அதிகாரத்தைத் துறந்து சாதாரணப் பயனராகும். அந்த அழைப்பின் பதிலை அது பார்க்கவில்லை. அதிகாரத்தை விட்டுக்கொடுப்பது தோற்குமா என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு பயனருக்கு அனுமதித்த செயன்முறைகளின் எண்ணிக்கை நிரம்பியிருந்தால் அந்த அழைப்பு தோற்கும் என்பதைக் கண்டுபிடித்த ஒருவர், வேண்டுமென்றே எண்ணிக்கையை நிரப்பினார். அழைப்பு தோற்றது. சேவை அதைக் கவனிக்காமல் முழு அதிகாரத்தோடு தொடர்ந்து ஓடியது. தொலைபேசி அவர் வசமானது. இவ்வாறு கவனியாமல் விடும் செய்நிரல்கள் ஏராளம் என்பதால், 2011இல் வந்த லினக்ஸ் 3.1இல் அந்த எண்ணிக்கைச் சோதனையையே கருநிரல் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. பார்க்கப்படாத ஒரு பதில், தாக்குபவருக்குத் திறந்த கதவு.

5. சோதனை வரிகள் வாசிப்பைக் கெடுக்குமா? மோசமாக எழுதினால் கெடுக்கும். அது எழுதும் முறைமீதான குறை. சோதனையைக் கைவிடக் காரணமாகாது. லினக்ஸ் கருநிரல் பெரும்பாலும் ஒரே பாணியைக் கையாளுகிறது. தோற்றால் சார்பின் அடியில் உள்ள விடுவிப்புப் பகுதிக்குத் தாவு, எடுத்ததைத் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடு, பிழையெண்ணோடு திரும்பு. வாசிப்பவர் கண்ணுக்கு முதன்மைப் போக்கு இடப்புறத்தில் நேராக இறங்கும்.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. இலங்கைப் பொறியாளர்கள் பெரும்பங்கு வகித்து உருவாக்கிய அப்பாச்சி ஆக்ஸிஸ்2/சி என்ற வலைச்சேவை மென்பொருள் 2007இல் 1.0 பதிப்பைக் கண்டது. அதன் சார்புகள் ‘சூழல்’ என்ற ஒரு சுட்டியை வாங்குகின்றன. பிழை விவரம், பதிவேடு, நினைவக ஒதுக்கி எல்லாம் அதற்குள் இருக்கும். வேலை முடிந்ததா தோற்றதா என்பதை நிலைப் பெறுமானமாகத் திருப்பி, ஏன் தோற்றது என்பதைச் சூழலில் வைக்கிறார்கள். சி மொழிக்குள் நின்றே ஒழுங்கான பிழை ஏற்பாட்டைச் செய்ய முடியும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்பாடும் அழைப்பவர் நிலையைப் பார்க்கிறார் என்ற ஒற்றை நம்பிக்கையில் நிற்கிறது. பார்க்காவிட்டால் அத்தனை வடிவமைப்பும் வீண்.

ஒழுங்கு தளர்ந்தால் எவ்வளவு தளரும் என்பதை விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் அளந்து காட்டினார்கள். லினக்ஸ் 2.6இன் கோப்பு முறைமைகளையும் மூன்று பெரிய சேமிப்புச் சாதன இயக்கிகளையும் ஆராய்ந்தபோது, பிழையெண் 1,153 அழைப்புகளில் கையாளப்படாமல் நழுவவிடப்பட்டிருந்தது; ஆராய்ந்ததில் இது 13 வீதம். வாசிப்புப் பிழைகளைவிட எழுதும் பிழைகளே அதிகம் புறக்கணிக்கப்பட்டிருந்தன. பல இடங்கள் கவனக்குறைவாகத் தெரியவில்லை, தெரிந்தே எடுத்த முடிவுகளாக இருக்கலாம் என்பதையும் அவர்கள் கண்டார்கள். உலகின் தேர்ந்த கைகள் எழுதிய இடத்தில் நிலை இது. நமது செய்நிரலில் எல்லாம் சரியாக இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் ‘வொய்ட்’ போடுகிறோம்?

ஆயிரக்கணக்கான எச்சரிக்கை வந்தால் எங்கே தொடங்குவது என்று கேட்பது நியாயம். அதற்கும் விடை உண்டு. 2001இல் ஸ்டான்ஃபோர்டில் டோசன் எங்லரின் குழு ஓர் எளிய வழியை முன்வைத்தது. ஒரு சார்பை நூறு இடங்களில் அழைத்து அவற்றில் தொண்ணூற்றொன்பது இடங்களில் பதிலைச் சோதித்திருந்தால், சோதிக்காத அந்த ஓரிடத்தை முதலில் பார். நூறு இடத்திலும் யாரும் சோதிக்கவில்லையென்றால் அந்தப் பெறுமானம் அநேகமாக முக்கியமற்றது. செய்நிரலே தன் விதியைச் சொல்லிவிடுகிறது. லின்ட் காலத்து ‘சில இடங்களில் மட்டும்’ என்ற பிரிப்பின் வளர்ந்த வடிவம் இது.

6. அப்படியானால் எல்லா இடத்திலும் ஒரு ‘இஃப்’ போட்டுவிட்டால் தீர்ந்ததா? இதுவும் அதே சோம்பலின் மறுபக்கம். இயந்திரத்தனமான சோதனை, சோதனை இல்லாததுபோலவே கேடு செய்யும். ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சார்பு மூன்று விதமாகப் பதில் தரும். கையொப்பம் சரியென்றால் 1, தவறென்றால் 0, சரிபார்க்கும் வேலையே குழம்பினால் மறை ஒன்று. பல இடங்களில் ‘பூச்சியமா?’ என்று மட்டும் கேட்டிருந்தார்கள். மறை ஒன்று பூச்சியம் அல்ல. எனவே குழப்பம், ‘சரி’யாக ஏற்கப்பட்டது. 2009 ஜனவரியில் வெளியான அந்த ஓட்டை, பெறுமானத்தைப் பார்த்தவர்களால் வந்தது. சார்பின் ஆவணத்தை வாசித்து, அது என்னென்ன சொல்லக்கூடும் என்று தெரிந்துகொண்டு எழுதுவதே சோதனை. இதற்கு நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க மறுக்கிற துப்புரவுத் திட்டம் துப்புரவுத் திட்டமே அல்ல.

7. ஆறாவது வாதத்துக்கு வருவோம். புதிய மொழி காப்பாற்றும் என்கிறீர்களா? ரஸ்ட் மொழியில் பிழை தாங்கிய பதிலை விட்டால் தொகுப்பி எச்சரிக்கும், உண்மை. ஆனால் அடிக்கோடு ஒன்றுக்கு ஒதுக்கிவிட்டால் அதுவும் அமைதியாகும். கோ மொழியிலும் அதே அடிக்கோடு இருக்கிறது. ‘வொய்ட்’ வேடம் மாறி வந்திருக்கிறது. ஜாவாவிலோ பிழை தானாகவே மேலெழும். அங்கும் நிலைமை என்ன? 2014இல் டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹெச்பேஸ், கசாண்ட்ரா உள்ளிட்ட, பெரும்பாலும் ஜாவாவில் எழுதப்பட்டு பல கணினிகளில் பரந்தியங்கும் ஐந்து முறைமைகளின் 198 தோல்விகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் பேரழிவான தோல்விகளில் 92 வீதம், மென்பொருள் வெளிப்படையாகவே அறிவித்த பிழைகளைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. பிழையைப் பிடித்துவிட்டு வெற்றாக விட்ட இடங்களும் அவற்றுள் உண்டு. மொழி எச்சரிக்கை தரும். கேட்கும் காதை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கிடையில் மழைமானியும் தராசும் வலையமைப்புப் பெட்டியும் சி மொழியிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

8. இந்தப் பழக்கம் எங்கே பிறக்கிறது? வகுப்பறையில். சி படிக்கும் மாணவர் முதலில் எழுதும் உள்ளீட்டு வரி ‘ஸ்கேன்எஃப்’. எத்தனை உள்ளீடுகளை வெற்றிகரமாக வாசித்தது என்பதை அது திருப்பித் தருகிறது. பாடக்குறிப்புகள் பலவற்றில் அந்த எண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பயனர் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தைத் தட்டினால் மாறி நிரப்பப்படாமல் கிடக்கும், சுழற்சி முடிவில்லாமல் சுற்றும். மாணவர் கணினியைப் பழிப்பார். திருப்பிய பெறுமானத்தைப் புறக்கணிப்பதை முதல் வாரத்தில் கற்பித்துவிட்டு, தொழிலுக்குப் போனபின் ‘சோதனை வேறு வேலை’ என்று உபதேசிப்பது வழிவழியாக வரும் தவறு. விரிவுரைக் குறிப்புகளை நிழற்பிரதி எடுத்துத் தனியே படிக்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு அதைத் திருத்திச் சொல்ல வேறு ஆள் கிடைப்பதும் அரிது. எனவே பாடக்குறிப்பைத் திருத்துவதும் துப்புரவின் பகுதியே.

துப்புரவைச் செய்ய வேண்டிய ஒழுங்கு கடினமானதல்ல. எச்சரிக்கைகளை நிறுத்தாமல் எல்லாவற்றையும் முதலில் திறந்துவிடுங்கள். ஜிசிசி, கிளாங்-டைடி, சிபிபிசெக் எதுவானாலும் சரி. சொந்தச் சார்புகளில் பிழை திருப்புபவற்றுக்குக் கட்டாய அடையாளம் இடுங்கள். கிடைக்கும் பட்டியலை விளைவைப் பார்த்துப் பிரியுங்கள். அதிகாரம் துறப்பவை முதலில், தரவை நிலைபெறச் செய்பவை அடுத்து, அளவீடுகளை வாசிப்பவை அதற்கடுத்து, நினைவகமும் பூட்டுகளும் பிறகு, திரையில் சும்மா எழுதுபவை கடைசியில். பெயர்மாற்றமும் பிழைத் திருத்தமும் ஒரே பதிவில் கலக்க வேண்டாம்; ‘நடத்தை மாறுகிறது’ என்று அஞ்சுகிறவர்களுக்கு அதுவே போதிய பாதுகாப்பு. பிழைவழியை ஓட்டிப் பாருங்கள். லினக்ஸில் எப்போதும் நிரம்பியிருக்கும் போலி வட்டுக்கோப்பு ஒன்று, ‘டெவ்’ அடைவுக்குள் ‘ஃபுல்’ என்ற பெயரில், இதற்காகவே இருக்கிறது. உங்கள் செய்நிரலின் வெளியீட்டை அதற்குள் திருப்பிவிட்டு, அப்போதும் அது வெற்றி என்று சொல்கிறதா என்று பாருங்கள். பாடப்புத்தகத்தின் முதல் உதாரணச் செய்நிரலே அங்கே பொய் சொல்லும்.

ஆராய்ந்தபின் சில பெறுமானங்களை விடத்தான் வேண்டும். விடுங்கள். ஆனால் ‘வொய்ட்’ எழுதுகிறவர் அதன் பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் எழுதட்டும். அந்தக் காரணத்தை அடுத்து வாசிப்பவர் மறுத்துப் பேச முடியும். வெறும் ‘வொய்ட்’டை மறுத்துப் பேச முடியாது. காரணம் எழுத முடியாதவருக்கு ‘வொய்ட்’ எழுத உரிமை இல்லை.